பர்சோ என்றால் எப்போது

லூர்துமேரிமேல் எனக்கு இருந்தது பொறாமைதான். கருத்து வேறுபாடு, வேலைமுறைச் சிக்கல், அது இது என்று அதற்கு மரியாதையான பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை. சுத்தமான வயிற்றெரிச்சல். எம்.ஏ. வரலாறும் அதற்குமேல் ஒரு டிப்ளமோவும் படித்துவிட்டு வந்த நான், பத்தாம் வகுப்போடு நிறுத்திய, நாள் முழுக்கக் கூடத்து வாசலில் நின்றே வேலை பார்க்கிற ஒரு அம்மாளைப் பார்த்து வெந்துபோனேன். இங்கே அவர் என்று எழுதுகிறேன். அந்த ஒரு வாரம் மனசுக்குள் அவள், இவள் என்றுதான் ஓடியது.

எங்கள் அருங்காட்சியகம் நாம்பள்ளி பக்கம் ஒரு பழைய ஜமீன் மாளிகையில் இருக்கிறது. பெரிய இடமில்லை. ஒன்பது கூடம், ஒரு பல்லக்கு, கொஞ்சம் வாள், நிறைய நாணயம், ஆளுயர ஹூக்கா ஒன்று, ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய அரக்கு வளையல்கள். நான் அங்கே கல்வி அலுவலர். பள்ளிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிக்காட்டுவதும் லீவு நாட்களில் அவர்களுக்கு நிகழ்ச்சி நடத்துவதும் என் வேலை. என் கணவர் நந்தகுமாருக்குக் கச்சிபௌலியில் வேலை கிடைத்து நாங்கள் கும்பகோணத்தை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஹப்சிகுடாவில் வீடு. அருங்காட்சியகத்தில் நான் சேர்ந்து ஒன்றரை வருஷம்.

லூர்துமேரி அங்கே இருபத்துமூன்று வருஷம். அவருடைய தாத்தா ஜோலார்பேட்டை பக்கத்திலிருந்து லாலாகூடா ரயில்வே ஒர்க் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். அப்பா அங்கேயே, கணவர் டேனியலும் அங்கேயே. மெட்டுகூடா குவார்ட்டர்ஸில் பிறந்து, அதே தெருவில் வாக்கப்பட்டு, இரண்டு மகன்களை வளர்த்து ஆளாக்கியவர். தமிழ் பேசுவார். அதில் பாதி எனக்குப் புரியாது. ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. பளிங்குத் தரையில் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பார். இடுப்பில் சாவிக்கொத்து மட்டும் மெல்லக் குலுங்கும்.

போன தசரா லீவில்தான் எல்லாம் நடந்தது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள் குடும்பத்தோடு வரலாம் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். காகிதத்துக்கு அடியில் நாணயத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுப்பது, களிமண்ணில் முத்திரை குத்துவது, கூடம் கூடமாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை 'வீட்டு மியூசியம்'. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து, தனக்கு வேண்டிய பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எல்லார் முன்னாலும் அதைப் பற்றிப் பேச வேண்டும். விளம்பர நோட்டீஸிலேயே 'உங்களுக்கு வேண்டிய பெரியவர் ஒருவர்' என்று நான்தான் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன்? என் மகள் தாரிணிக்காக. ஒன்பது வயது. அவளுக்கு என்னைத் தெரிவதெல்லாம் பால் குடி, ஹோம்வொர்க் முடி, டி.வி.யை அணை என்று கத்துகிற அம்மாவாக. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில். தமிழ் எழுத்து சொல்லித்தர மூன்று வருஷமாக நான் முட்டி மோதியதில் 'ஆ'வன்னாவைத் தாண்டவில்லை. இந்த ஒரு வாரம் அவள் என்னைக் கையில் மைக்கோடு பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னாலும் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதல் நாள் மெட்ரோவிலேயே வினை ஆரம்பித்தது. ஹப்சிகுடாவில் நாங்கள் ஏறினோம், மெட்டுகூடாவில் லூர்துமேரி ஏறினார்.

"அடேயப்பா, மேடம் பொண்ணா இது? பேரு என்னம்மா?"

"தாரிணி."

"இஸ்கூல் லீவா?"

"ஹவ் ஆன்ட்டி."

ஹவ்! எங்கே கற்றுக்கொண்டாள் இதை? நான் கேட்டால் 'யா', 'நோ'. முன்பின் தெரியாத அம்மாளிடம் 'ஹவ் ஆன்ட்டி'. அமீர்பேட்டில் வண்டி மாறுவதற்குள் அந்த இரண்டு பேரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தாகிவிட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று காலை நாணயம் தேய்க்கிற வேலையில் முப்பது குழந்தைகள். அரை மணி கழித்து எண்ணினால் இருபத்திரண்டு. தேடிக்கொண்டு போனேன். பல்லக்குக் கூடத்தில் எட்டுப் பேரும் தரையில் மல்லாந்து படுத்துப் பல்லக்கின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் லூர்துமேரியும் படுத்திருந்தார், சீருடைப் புடவையோடு.

"எங்க ஒடைஞ்சிருக்குன்னு கண்டுபுடிங்க பாப்போம். எல்லாச் சாமானும் எங்கியாச்சும் ஒடைஞ்சிருக்கும். ஒட்டுனவன் கையி எங்கியாச்சும் தெரியும்."

"அதோ! அதோ! அந்த ஆணி மட்டும் புதுசு ஆன்ட்டி!" என்று கத்தியது யார் என்கிறீர்கள்? என் பெண்தான்.

நான் குழந்தைகளிடம் கேட்கிற முதல் கேள்வி இது எந்த ஆண்டு என்பது. அவர் கேட்டது எங்கே உடைந்திருக்கிறது என்பது. மறுநாளிலிருந்து என் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டே குழந்தைகள் ஒவ்வொரு பொருளிலும் விரிசல் தேடின. பெற்றோர்களும் கூடக் குனிந்து தேடினார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாள் சாயங்காலமே வீட்டில் தாரிணி சொன்னாள். "அம்மா, லூர்து ஆன்ட்டி இஸ் த பெஸ்ட் திங் இன் யுவர் மியூசியம்."

"அப்ப நான்?"

யோசித்தாள். யோசிக்க வேறு செய்தாள். "யூ ஆர் குட் ஆல்ஸோ."

ஆல்ஸோ! போதாக்குறைக்கு அடுத்த கேள்வி. "சண்டே எனக்கு வேண்டியவங்கன்னா யார வேணா கூப்பிடலாமா?"

"யார வேணாலும் கூப்பிடலாம் கண்ணு," என்றேன், இளித்துக்கொண்டு.

"தென் லூர்து ஆன்ட்டி."

தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றேன். என் நோட்டீஸ், என் வாசகம், என் வாயில் சனி.

புதன்கிழமை காலக்கயிறு. அது என் சொந்தச் சரக்கு, சொல்ல எனக்குப் பெருமை உண்டு. பெரிய கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கயிறு. நூறு வருஷத்துக்கு ஒரு முடிச்சு. கடைசி முடிச்சு 'இன்று'. குழந்தைகள் பானை, சிற்பம், நாணயம், ஹூக்கா, வளையல், டிரான்சிஸ்டர் என்று படம் போட்ட அட்டைகளை எடுத்து, எந்தக் காலமோ அந்த முடிச்சில் துணி கிளிப்பால் மாட்ட வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து அட்டை வெட்டியிருந்தேன்.

பெற்றோர்களிடம் பேசிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அட்டை அத்தனையும் கடைசி முடிச்சில் கொத்தாகத் தொங்குகிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பானை டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில். வாசலில் லூர்துமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"யார் இப்படி மாட்டச் சொன்னது?"

ஒரு பையன் சொன்னான். "லூர்து ஆன்ட்டிய கேட்டோம் மேம். பானை எப்பன்னா பர்சோன்னாங்க. ஹூக்கா எப்பன்னா அதுவும் பர்சோன்னாங்க."

பெற்றோர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஹிந்தி எனக்குத் தெரியாதா? கும்பகோணத்தில் ட்யூஷன் வைத்துப் படித்து, பரீட்சை பரீட்சையாக எழுதி, முதல் வகுப்பில் தேறியவள் நான். பர்சோ என்றால் முந்தாநாள். சாதவாகனர் பானை முந்தாநாள் செய்ததாம்! வேண்டுமென்றே என்னைக் கேலிப்பொருள் ஆக்குகிறார் என்றுதான் தோன்றியது.

கோபத்தை அவரிடம் காட்ட முடியவில்லை, பெற்றோர்கள் நிற்கிறார்கள். பானை அட்டைக்குப் பக்கத்தில் நின்றது தாரிணி. "உனக்கு மூளை இருக்கா? ரெண்டாயிரம் வருஷம்னு நேத்துதானே வீட்ல சொன்னேன்?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் உதடு பிதுங்கிற்று. அடுத்த நிமிஷம் அழுதுகொண்டே ஓடினாள். என்னிடமிருந்து லூர்துமேரியிடம்.

வியாழக்கிழமை மதியம் பின்கட்டு வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் அவர் தட்டில், அவருடைய பகாரா சோறு இவள் டப்பாவில். டப்பா மூடியை மடியில் வைத்துக்கொண்டு தலையோடு தலை முட்டி ஏதோ குசுகுசுவென்று. நான் கிட்டே போனதும் கப்சிப். "என்ன ரகசியம்?" என்றேன், சிரித்த மாதிரி. "நத்திங்" என்றாள் என் மகள். மூடியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வளையல் கூடத்தில் லூர்துமேரி தனியாக நின்றிருந்தார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டேன். "அப்படி என்னதான் செய்றீங்க, பிள்ளைங்க எல்லாம் உங்க பின்னாடியே ஓடுது?"

வெள்ளந்தியாகச் சிரித்தார். "ஒண்ணுமில்ல மேடம். புள்ளைங்க அழுதா எனக்குத் தாங்காது. பர்சோ ஒரு பொண்ணு இங்க நின்னுகினு தேம்பித் தேம்பி அழுதுச்சு. கைக்கு அழுவுறேன்னா, அம்மா அம்மாங்குது. எனுக்கு மனசு கேக்கல. இந்தக் கண்ணாடியத் தொறந்து, அந்த செவப்பு வளையல எடுத்து அது கையில போட்டு விட்டேன். டக்குனு அடங்கிருச்சு. அப்பறம் பயமாப் போச்சு, யாராச்சும் பாத்தா வேலை போயிரும்னு."

அந்தச் சிவப்பு வளையலை நானே தொட்டதில்லை. நூற்றைம்பது வருஷத்துச் சரக்கு, கைச்சூடு பட்டாலே அரக்கு உதிரும். முந்தாநாள் என்றால் புதன்கிழமை. புதன்கிழமை அழுத பெண் யார்? என் பெண். அம்மா அம்மா என்று அழுதாளாம். என்னால் அழுதவள் கையில் இவர் வளையல் பூட்டி அடக்கினாராம்.

விதியை மீறிவிட்டார் என்றுதான் எனக்குக் கோபம் வந்ததாக அன்று நினைத்துக்கொண்டேன். பொய். கோபம் முழுக்க அந்த மணிக்கட்டைப் பற்றியது.

ஒரு பக்கம் எழுதினேன், இங்கிலீஷில், தேதி போட்டு. புதன்கிழமை இன்ன ஊழியர் காட்சிப்பெட்டியைத் திறந்து இன்ன பொருளை ஒரு குழந்தையின் கையில் அணிவித்தார் என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். எங்கள் பொறுப்பாளர் வெங்கட் சார் ராஜமுந்திரிக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. படித்துவிட்டு அரண்டுபோனார். லூர்துமேரியைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார், வளையலை எடுத்துக் குழந்தை கையில் போட்டீர்களா இல்லையா என்று.

"ஹவ் சார். போட்டேன். தப்புதான்."

அவ்வளவுதான். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் முதல் வாசல் கேட்டில் பை வாங்கி வைக்கிற கவுன்டர். கூடங்களுக்குள் வரக் கூடாது. வேலையில் வைத்துக்கொள்வதா இல்லையா என்பதைக் கமிட்டி கூடி முடிவு செய்யும். யார் எழுதிக்கொடுத்தார்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை என் இஷ்டப்படி நடந்தது. குழந்தைகள் என் பின்னால் வந்தன. என் கேள்விக்குப் பதில் சொன்னன. பல்லக்குக் கூடம் காலி. இதைத்தானே கேட்டாய், சந்தோஷப்படேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாரிணி மட்டும் நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள் திடீரென்று என் தோளில் சாய்ந்தாள்.

"லூர்து ஆன்ட்டிய உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்களாம். ஓகே அம்மா. நாளைக்கு நீ வா என்கூட."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். எந்தப் புடவை கட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

"பர்சோ நாம ஃபர்ஸ்ட் டைம் இந்த ட்ரெயின்ல வந்தோம்ல அம்மா? உன் துப்பட்டால நான் வாந்தி எடுத்தேன்ல?"

"முந்தாநாள் எங்கடி வாந்தி எடுத்த? அது நாம ஊர்லேந்து வந்த புதுசுல. மூணு வருஷம் ஆச்சு."

"ஹவ். அதான் பர்சோ."

"பர்சோன்னா முந்தாநாள்."

அவள் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அய்யோ அம்மா, அது புக் ஹிந்தி. ஹைதராபாத்ல பர்சோன்னா முன்னாடி. எப்பவோ. டென் இயர்ஸ் ஆனாலும் பர்சோதான். எல்லாருக்கும் தெரியுமே! அன்னிக்கு ரோப்ல வேணும்னே புக் மீனிங் வெச்சு டுடே கிட்ட மாட்டுனோம், அதான் எல்லாரும் சிரிச்சாங்க. அது ஜோக். உனக்கு மட்டும் புரியல."

வண்டி மெட்டுகூடாவில் நின்றது. கதவு திறந்தது, மூடியது.

"தாரிணி, புதன்கிழமை நீ அழுதப்ப லூர்து ஆன்ட்டி உன் கையில வளையல் போட்டு விட்டாங்களா?"

"என்ன வளையல்? பிஸ்கட் குடுத்தாங்க. அதுவும் வெளிய கூட்டிட்டுப் போய். உள்ள சாப்பிட்டா எறும்பு வரும்னாங்க."

வீட்டுக்கு வந்து மாவைக் கரைத்தேன், சட்னி அரைத்தேன், தோசை வார்த்தேன். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. மனசு பேரம் பேசியது. ஞாயிறு ஒரு நாள்தானே. அது முடியட்டும். திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை போய் வெங்கட் சாரிடம் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்? இப்போது சொன்னால் லூர்துமேரி உள்ளே வருவார். உள்ளே வந்தால் தாரிணி பக்கத்தில் நிற்கப் போவது அவர். பேசாமல் இருந்தால் நான். சத்தியமாகச் சொல்கிறேன், நான்காவது தோசை வரை பேசாமல் இருப்பதென்றே முடிவு செய்திருந்தேன்.

ஐந்தாவது தோசையை வாயில் வைத்துக்கொண்டு தாரிணி கேட்டாள். "ஆன்ட்டி என்ன தப்பு பண்ணாங்க அம்மா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

தாரிணியைப் பிறகு கொண்டுவந்து விடும்படி அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கேட் திறப்பதற்கு முன்பே போய்விட்டேன். லூர்துமேரி கவுன்டரில் டோக்கன்களை வரிசையாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். சின்ன மரக்கூண்டு. அதற்குள்ளும் செருப்பைக் கழற்றித்தான் வைத்திருந்தார்.

"அந்த வளையல் எந்த வருஷம் லூர்துமேரி?"

"அதுவா? எங்க பெரியவன் வயித்துல இருந்தான் மேடம். அவனுக்கு இப்ப இருவத்திரெண்டு. கூட்டத்துல அம்மாவத் தொலைச்சிட்டு நின்ன புள்ள. அப்பவே பழைய சார் திட்டி, மன்னிப்பு எழுதி வாங்கிக்கினாரு. இந்த சார் கைக்கு மறுபடி கேக்கறாருன்னு புரியல. ஆனா தப்பு தப்புதானே? ஹவ்னு சொல்லிட்டேன்."

"முந்தாநாள் நடந்ததுன்னு எழுதிக் கொடுத்தது நான்."

கை அப்படியே நின்றது. "நீங்களா? கைக்கு மேடம்?"

பர்சோவுக்கு அர்த்தம் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லத்தான் வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாதியை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. "பர்சோன்னா முந்தாநாள்னு நினைச்சேன். ஆனா அதுக்காக மட்டும் எழுதல. பொறாமை. என் பொண்ணு உங்க பின்னாடியே சுத்தறா. தாங்கல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். மிச்சமிருந்த டோக்கன்களையும் மாட்டி முடித்தார்.

"ஒண்ணு சொல்லட்டா மேடம்? மொத நாளு மெட்ரோல நீங்க பொண்ண கையப் புடிச்சுக் கூட்டியாந்தீங்களே, எனுக்கு அப்பவே வயிறு எரிஞ்சுது. இருவத்திமூணு தசரா. ஊரு புள்ளைங்க எல்லாம் இங்க என்கூட வெளையாடும். என் புள்ளைங்க ரெண்டும் குவார்ட்டர்ஸ்ல, வெளிய பூட்டு போட்டுட்டு வருவேன். ஒரு தபா பெரியவன் கேட்டான், எல்லாப் புள்ளைங்களும் உன் மியூசியத்துக்கு வருது, நாங்க மட்டும் கைக்கு நக்கோன்னு. டூட்டில புள்ளைங்கள கூட்டியாரக் கூடாது. அது எங்கள மாதிரி அட்டெண்டருக்கு. உங்களுக்கு அந்த ரூல் இல்ல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க பொண்ண நான் கொஞ்சம் எடுத்துக்கினேன். தெரிஞ்சேதான் எடுத்துக்கினேன்."

நான் நேராக மாடியில் வெங்கட் சார் அறைக்குப் போனேன்.

வெங்கட் சார் முதலில் நம்பவில்லை. "தேதி போட்டு எழுதியிருக்கீங்களே மேடம்!" என்றார் தெலுங்கில், ஒன்றுக்கு மூன்று தரம். பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தோம். மன்னிப்புக் கடிதம் இருந்தது, இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியோடு. என் புகாரைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம் எழுதி வாங்கினார். அது என் கோப்பில் போகும் என்றும் சொன்னார். போகட்டும். சாவிக்கொத்தை என்னிடமே கொடுத்து அனுப்பினார். அதை அந்த மரக்கூண்டின் பலகையில் வைத்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு வீட்டு மியூசியம். பெரிய கூடம் நிறைய ஆட்கள். நான் மைக்கோடு பெயர் கூப்பிட்டேன். ஒரு பையன் தாத்தாவின் ரேடியோவோடு, ஒரு பெண் அத்தையின் தையல் மெஷின் சக்கரத்தோடு. பதினாறாவது பெயர் தாரிணி. அவள் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு வந்தது லூர்துமேரி. இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நிகழ்ச்சியில் வாசலில் நிற்காமல் நடுக்கூடத்தில் நின்றார். முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

தாரிணி துணிப்பையிலிருந்து என் டிபன் டப்பாவை எடுத்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன டப்பா. அவளுக்கு தினமும் நான் கட்டிக்கொடுக்கிற அதே டப்பா.

"திஸ் இஸ் மை அம்மா'ஸ். எங்க ஒடைஞ்சிருக்குன்னா, கிளிப் ஒடைஞ்சிருக்கு. அம்மா ரப்பர் பேண்ட் போட்டு ஒட்டிட்டாங்க." மூடியைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் காலத்தில் பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுத்த எழுத்துகள் அதில் இருந்தன. விரலை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். "சு... பா... ஸ்... ரீ. சுபாஸ்ரீ. தமிழ்ல எழுதியிருக்கு. லூர்து ஆன்ட்டி சொல்லிக் கொடுத்தாங்க. அம்மாவுக்கு சர்ப்ரைஸ்."

வேப்பமரத்தடிக் குசுகுசு அதுதான். மூன்று வருஷம் நான் முட்டிக்கொண்டது, அவருக்கு ஒரு சாப்பாட்டு வேளை. அதுவும் என் பெயரை வைத்தே. கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அது முழுக்க சந்தோஷத்தில் வந்ததில்லை என்பதும் உண்மை.

"எந்தக் காலத்துப் பொருள்?" என்று மைக்கில் கேட்டேன். எல்லாக் குழந்தைகளிடமும் கேட்ட கேள்வி.

தாரிணி லூர்துமேரியை நிமிர்ந்து பார்த்தாள். இருவரும் சேர்ந்து சொன்னார்கள். "பர்சோ!"

கூடமே சிரித்தது. இந்தத் தடவை எனக்கும் புரிந்தது. அவர்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்ததும் நான்தான், வேறு யார்?

சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினோம். தாரிணி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து டப்பா மூடியைத் தடவிக்கொண்டு வந்தாள். சிகந்தராபாத் தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"லூர்துமேரி, நான் எழுதின அந்தக் கடிதம்…"

"அது பர்சோ மேடம். உடுங்க."

விரல் விட்டு எண்ணினேன். நான் எழுதியது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. என் பரீட்சை ஹிந்தியிலும் அது பர்சோதான். எந்தப் பர்சோவைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மெட்டுகூடா வந்துவிட்டது. தாரிணியின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கதவு மூடி, வண்டி நகர்ந்து, பிளாட்பாரம் கண்ணுக்கு மறைந்த பிறகும் தாரிணி ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.